கொஞ்சம் கொஞ்சமாக நம்பு, தங்கமே

இது யாருக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு ஸ்பெஷல் கிளாஸ் கிடையாது என்றதும் வகுப்பே கைதட்டும்போது, உள்ளுக்குள் சோர்ந்துபோகிற பிள்ளைக்கு. தெருமுனையில் அப்பாவின் வண்டிச் சத்தத்தைக் கேட்டே இன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு. அம்மாவும் அப்பாவும் மாதக்கணக்கில் முகம் பார்த்துப் பேசாமல், 'சோறு எடுத்து வெச்சிருக்குன்னு உங்கப்பாகிட்ட சொல்லு' என்று தூது அனுப்பும் வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு. வகுப்பில் ஐம்பது பேர் இருந்தும், மதியம் சாப்பாட்டு டப்பாவை யார் பக்கத்தில் உட்கார்ந்து திறப்பது என்று தெரியாமல் நிற்கிற தம்பிக்கும் தங்கச்சிக்கும்.

நானும் அப்படியொரு வீட்டில் மூத்தவளாக வளர்ந்தவள்தான். அதனால் 'எல்லாம் சரியாகிவிடும்' என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். வீட்டைச் சரிசெய்வது உன் கையில் இல்லை. வெளியே ஒரு நல்ல சிநேகிதத்தையும், மனசுவிட்டுப் பேச ஒரு பெரியவரையும் தேடிக்கொள்வது பெரும்பாலும் உன் கையில் இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

பழியை இறக்கி வை

அப்பா குடிப்பதற்கு நீ காரணம் இல்லை. உன் மார்க் காரணம் இல்லை. நீ பெண்ணாகப் பிறந்தது காரணம் இல்லை. 'உங்களுக்காகத்தான் இந்த ஆளோட குடும்பம் நடத்துறேன்' என்று அம்மா வேதனையில் சொல்கிற வார்த்தைக்கும் நீ பொறுப்பாளி இல்லை. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி மையத்தில், குடிப்பவருக்கு மட்டும் சிகிச்சை தந்து அனுப்பிவிடுவதில்லை. மனைவியையும் வீட்டாரையும் கூட உட்காரவைத்துப் பேசுகிறார்கள். குடி வீட்டிலிருக்கிற எல்லோரையும் நோயாளி ஆக்கும் என்பது அங்கே தெரிந்த விஷயம். அமெரிக்காவில் குடிக்கிற பெற்றோரின் பிள்ளைகளுக்கென்றே 1957இல் 'அலட்டீன்' என்ற குழு தொடங்கியது. பெரியவர்களின் குடியை நாம் உண்டாக்கவில்லை, நம்மால் அதை நிறுத்தவும் முடியாது என்பதுதான் அங்கே பிள்ளைகள் கற்றுக்கொள்கிற முதல் பாடம்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், குற்ற உணர்ச்சியோடு போகிற பிள்ளை சிநேகிதம் தேடும்போது தன்னை மலிவாக விற்றுவிடும். யார் எது கேட்டாலும் சரி என்று சொல்லும். யார் திட்டினாலும், நமக்கு இது வேண்டியதுதான் என்று வாங்கிக்கொள்ளும்.

இரண்டு விதமாகத் தடுமாறுகிறோம்

சண்டை நடக்கும் வீட்டில் வளர்ந்தவர்களை நான் பார்த்தவரையில், ஒரு கூட்டம் வாயையே திறக்காது. பிறந்தநாளுக்குக் கூப்பிட்டால் போகாது. போனால் பதிலுக்குத் தன் வீட்டுக்குக் கூப்பிட வேண்டுமே என்ற பயம். 'திமிரு பிடிச்சவ' என்று பெயர் வாங்கிக்கொண்டு தனியே சுற்றும். இன்னொரு கூட்டம் நேர் எதிர். யாராவது ஒரு நாள் அன்பாக 'என்னாச்சுடி?' என்று கேட்டுவிட்டால் போதும், பத்து வருஷக் கதையையும் அன்றைக்கே கொட்டிவிடும். மறுநாள் அந்தக் கதை பஸ் முழுக்கப் பரவியிருக்கும். 'இனிமே யாரையும் நம்ப மாட்டேன்' என்று அதுவும் முதல் கூட்டத்தில் போய்ச் சேர்ந்துவிடும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. நம்பிக்கையை ஒரே தடவையில் கொடுக்காமல் தவணை தவணையாகக் கொடுப்பது. நான் சொல்லவரும் எல்லாமே இதற்குள் அடக்கம்.

எங்கே தேடுவது?

தூரத்தில் தேடாதே. உன்னோடு ஏற்கெனவே நேரம் கழிக்கிறவர்களில் தேடு. ஒரே டவுன் பஸ், ஒரே ட்யூஷன், ஒரே சைக்கிள் ஸ்டாண்ட். வகுப்பிலேயே பெரிய 'கேங்' எது என்று பார்த்து அதில் நுழைய முயற்சி செய்யாதே. அங்கே ஏற்கெனவே இடம் நிரம்பியிருக்கும், நீ ஓரத்தில் நின்று சிரிக்க வேண்டிவரும். உன்னைப்போலவே ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை, ஒருவனைப் பார். ஒரே ஒரு ஆள் போதும்.

அவசரப்படவும் வேண்டாம். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். புது ஊருக்குக் குடிபோனவர்களையும் கல்லூரி முதலாண்டு மாணவர்களையும் வைத்துச் செய்தது. வெறும் அறிமுகம் சாதாரண நட்பாக மாற ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருந்தது. நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கும் மேலே. இதை நம் கணக்கில் போட்டுப் பார். பஸ்ஸில் காலையில் அரைமணி, மாலையில் அரைமணி ஒருத்தியோடு பேசிக்கொண்டே போகிறாய் என்றால் ஐம்பது பள்ளி நாளில் ஐம்பது மணி நேரம். ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து ஆரம்பித்தால் காலாண்டுத் தேர்வு நெருங்கும்போதுதான் சிநேகிதி என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு வரும். இரண்டு வாரத்தில் 'அவளுக்கு என்னைப் பிடிக்கலை போல' என்று நீ விட்டுவிட்டு வந்தால், சிநேகிதம் முளைக்கவே நீ நேரம் கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

எப்படிப் பேச ஆரம்பிப்பது என்று தெரியவில்லையா? உதவி கேள். 'கெமிஸ்ட்ரி ரெக்கார்ட் எதுவரைக்கும் எழுதியிருக்க? ஒரு நாள் தர்றியா?' இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. வாங்கிய நோட்டைச் சொன்ன நாளில், அட்டை மடங்காமல் திருப்பிக் கொடு. மறுவாரம் நீ ஏதாவது கொடு. சாப்பாட்டு நேரத்தில் 'இங்க உக்காரட்டா?' என்று கேட்டுவிட்டு உட்கார். பேச ஒன்றும் இல்லாவிட்டால் சும்மா சாப்பிடு. கூட உட்கார்ந்திருப்பதும் கணக்கில் சேரும்.

வீட்டுக்கு வந்து படுத்ததும் 'உளறிட்டேனோ, என்ன நெனச்சிருப்பா' என்று ஓடும் பார், அதை நம்பாதே. முதல்முறை பேசிக்கொள்பவர்கள், எதிராளிக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்பதை உண்மையைவிடக் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள் என்பதையும் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். திட்டு வாங்கி வளர்ந்த நமக்கு அந்தக் குறை மதிப்பீடு இன்னும் கூடுதலாக இருக்கும்.

யாரை எவ்வளவு நம்புவது?

இதுதான் முக்கியமான இடம், நிதானமாகப் படி.

முதலில், வெளியே போனாலும் உனக்குப் பெரிய நஷ்டம் வராத ஒரு விஷயத்தை அந்தச் சிநேகிதியிடம் சொல். 'எனக்கு மேடையில பேசுறதுன்னா கை நடுங்கும்' மாதிரி. இரண்டு வாரம் விடு. அது வேறு யார் வாயிலிருந்தாவது உன்னிடம் திரும்பி வருகிறதா? கூட்டத்தில் உன்னைக் கிண்டல் செய்ய அதை எடுக்கிறாளா? வரவில்லை, எடுக்கவில்லை என்றால் அடுத்த படி: 'வீட்ல கொஞ்சம் சண்டை, அதான் தூங்கலை.' விவரம் வேண்டாம். அதையும் அவள் பத்திரமாக வைத்திருந்தால், மூன்றாவதாக உண்மையில் வலிக்கிற ஒன்றைச் சொல்லலாம்.

'சத்தியம் பண்ணு, யார்கிட்டயும் சொல்லக்கூடாது' என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவதால் பிரயோஜனம் இல்லை. அவள் நடந்துகொள்வதைப் பார். உன்னிடம் மற்றவர்களின் ரகசியத்தைச் சொல்கிறாளா? அப்படியானால் உன்னுடையதும் ஒரு நாள் போகும். நீ 'இன்னைக்கு வரலை' என்று சொன்னால் சரி என்கிறாளா, இல்லை இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாளா? அன்றைக்குத் தலைவலி என்று நீ சொன்னதை ஞாபகம் வைத்து மறுநாள் 'இப்ப எப்படி இருக்கு?' என்று கேட்கிறாளா? எல்லாவற்றையும்விடப் பெரிய சோதனை ஒரு சண்டை. கோபத்தில் பேசும்போதும் உன் வீட்டு விஷயத்தை ஆயுதமாக எடுக்காதவளை விடாதே. அவள் நல்லவள்.

இதே அளவுகோலை உன்மேலும் வைத்துப் பார்த்துக்கொள். நம் வீட்டில் கேட்டுப் பழகியது கத்தல், மௌனம், கதவடைப்பு. நமக்குத் தெரியாமலே அதைச் சிநேகிதியிடமும் செய்வோம். ஏதாவது மனசுக்குப் பிடிக்கவில்லை என்றால் பேசாமல் இருந்து தண்டிக்காதே. 'நீ நேத்து எல்லார் முன்னாடியும் சிரிச்சது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு' என்று சொல்லிவிடு. நம்மில் பலருக்குச் சண்டை போட்டு மீண்டும் சேர்வது எப்படி என்று வீட்டில் யாரும் காட்டவே இல்லை. அதை நாம் வெளியேதான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

'உங்க வீட்டுக்கு எப்ப கூப்பிடுவ?'

இந்தக் கேள்வி வரும். பதிலை இன்றைக்கே தயார் செய்துகொள். பொய்யாக 'வீட்ல பெயின்ட் அடிக்கிறாங்க' என்று ஆரம்பித்தால், அந்தப் பொய்யைக் காப்பாற்றவே உன் மூளை களைத்துப்போகும். 'எங்க வீட்ல இப்ப சூழ்நிலை சரியில்ல. நாம வெளியில பாக்கலாமா?' இவ்வளவுதான். மேலே துருவினால், 'இப்ப அதைப் பத்திப் பேச வேணாம், நீ கூட இரு, போதும்.' வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பழகிக்கொள், நாக்கு குழறாது.

வெளியே என்றால் காசு செலவாகிற இடமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. உங்கள் ஊரில் ஒரு கிளை நூலகமாவது இருக்கும். சென்னைப் பிள்ளைகளுக்குக் கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைப் பிள்ளைகளுக்கு 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். மின்விசிறி ஓடும், குடிக்கத் தண்ணீர் இருக்கும், யாரும் கத்தமாட்டார்கள், வீட்டில் 'லைப்ரரிக்குப் போறேன்' என்றால் பெரும்பாலும் விடுவார்கள். அதோடு என்.எஸ்.எஸ்., என்.சி.சி., சாரணர், கபடி அணி, இப்படி ஏதாவது ஒன்றில் பெயர் கொடு. அங்கே எல்லோருக்கும் கையில் ஒரு வேலை இருப்பதால், என்ன பேசுவது என்று தவிக்க வேண்டியதில்லை. வீடு திரும்பும் நேரமும் நியாயமாகவே தள்ளிப்போகும்.

ஒரு பெரியவரும் வேண்டும்

சிநேகிதிக்கும் உன் வயசுதான். உன் பாரம் முழுவதையும் அவள் தூக்க முடியாது, தூக்கச் சொல்வதும் நியாயம் இல்லை. ஹவாயைச் சேர்ந்த கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் நாற்பது வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடி, ஓயாத சண்டை என்று பல சிக்கல்கள் ஒன்றாகச் சூழ்ந்த வீட்டுப் பிள்ளைகளிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒருவர், திடமான, அக்கறையுள்ள மனிதராக வளர்ந்திருந்தார். அப்படி வளர்ந்தவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒன்று, அவர்களை உண்மையாக ஏற்றுக்கொண்ட யாரோ ஒரு பெரியவர். பாட்டியாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம்.

எனக்கு அது பக்கத்துத் தெருவில் தையல் மெஷின் போட்டிருந்த ஓர் அக்கா. என்னை எதுவும் கேட்க மாட்டார். காஜா எடுக்கக் கொடுப்பார், டீ கொடுப்பார், இருட்டினால் வீடு வரைக்கும் கூட வருவார். உனக்கு அது அத்தையாக இருக்கலாம், பி.டி. சாராக, நூலகராக, சத்துணவுக்கூட அம்மாவாக இருக்கலாம்.

அவரிடம் எப்படிப் போவது? பீரியட் முடிந்து எல்லோரும் சூழ்ந்திருக்கும்போது போகாதே. 'மிஸ், உங்ககிட்ட அஞ்சு நிமிஷம் பேசணும், எப்ப வரட்டும்?' என்று கேள். பேசும்போது நடந்ததைச் சொல்: 'அப்பா குடிச்சிட்டு வந்து அம்மாவை அடிக்கிறாரு, இந்த வாரம் ரெண்டு தடவை. ராத்திரி படிக்க முடியலை.' 'வீட்ல பிரச்சனை' என்று மட்டும் சொன்னால் 'எல்லா வீட்லயும் இருக்கறதுதான்' என்ற பதில் வந்துவிடும். இன்னொன்றும் கேட்டுக்கொள்: 'வீட்டுக்கு ஃபோன் பண்றதா இருந்தா அதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லுங்க மிஸ்.' முதல் ஆள் சரியாகக் காது கொடுக்கவில்லை என்றால் இரண்டாவது ஆளிடம் போ. அவர் கேட்காதது உன் தவறில்லை. இரண்டாவது ஆளும் கேட்கவில்லை என்றால் மூன்றாவது. தயவுசெய்து நிறுத்திவிடாதே.

'வீட்டு விஷயத்தை வெளியே சொன்னால் குடும்ப மானம் போயிடும்' என்று உன்னை வளர்த்திருப்பார்கள். வாடகை பாக்கியும் மாமா வாங்கிய கடனும் வீட்டு விஷயம், வெளியே சொல்ல வேண்டாம், சரி. அடி, காயம், பட்டினி, யாராவது உன் உடம்பைத் தொடுவது, இதெல்லாம் வீட்டு விஷயம் இல்லை. தொட்டது மாமாவானாலும் தாத்தாவானாலும் இல்லை. ஆணாகப் பிறந்த பிள்ளைக்கும் இதே சட்டம்தான்: பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012ஆம் வருஷத்து போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் பொருந்தும். யாரோ உன்னைத் தொட்டதை நீ ஒரு ஆசிரியரிடம் சொன்னால், அவர் அதைப் போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று அவர் உனக்கு வாக்குத் தர முடியாது. இதைத் தெரிந்துகொண்டே போ. வாக்குமூலத்தை உன் வீட்டிலோ, நீ விரும்புகிற இடத்திலோ வாங்கலாம். காக்கிச் சட்டையில் வந்து வாங்கக் கூடாது, உன் பெயர் பத்திரிகையில் வரக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

ரொம்ப இனிக்கிறவர்களிடம் கவனம்

தனிமையில் இருக்கிற பிள்ளையை மோப்பம் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இன்ஸ்டாவில் முகம் பார்க்காத ஒருவர் ஒரு வாரத்திலேயே 'உன்னைப் புரிஞ்சுக்க நான் மட்டும்தான் இருக்கேன்' என்கிறாரா? விலகு. 'நாம பேசுறதை யார்கிட்டயும் சொல்லாதே', 'ஒரு ஃபோட்டோ அனுப்பு', 'தனியா வா' — இந்த மூன்றில் எது வந்தாலும் பேச்சை அங்கேயே நிறுத்து. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை, பெரியவர் ஒருவரிடம் காட்டு. ஏற்கெனவே ஃபோட்டோ அனுப்பிவிட்டு மிரட்டலில் மாட்டியிருந்தாலும் பணம் கொடுக்காதே, பயந்து நேரில் போகாதே. குற்றம் மிரட்டுகிறவருடையது. கீழே சொல்லியிருக்கும் 1098-இல் பேசு.

தம்பிகளுக்குத் தனியாக ஒன்று. உன்னைச் சேர்த்துக்கொள்கிற 'செட்' முதல் நாளே சிகரெட்டையோ பாட்டிலையோ நீட்டினால், அங்கே அதுதான் நுழைவுக் கட்டணம் என்று அர்த்தம். அப்பாவின் குடியால் அழுத பிள்ளை நீ. அந்தக் கட்டணத்தைக் கட்டாதே. கிரிக்கெட் ஆடவும் டீக்கடையில் நிற்கவும் வேறு பையன்கள் கிடைப்பார்கள்.

மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள்

1098 குழந்தைகளுக்கான உதவி எண். பதினெட்டு வயதுக்குள் இருக்கும் யாரும் இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், காசு இல்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக நேரில் வந்து உதவவும் ஆள் உண்டு. அடி நடந்துகொண்டிருக்கும்போது போலீஸை அழைக்க 112. அம்மாவுக்கு, பெண்களுக்கான உதவி எண் 181. மனசு பாரமாக இருந்தால் டெலி மானஸ், 14416, 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். பள்ளி சம்பந்தமான புகாருக்கும் ஆலோசனைக்கும் 14417. செத்துவிடலாம் என்று தோன்றினால், 1986இலிருந்து சென்னையில் இயங்கும் சினேகா, 044-24640050. உன்னிடம் ஃபோன் இல்லையென்றால் சிநேகிதியின் ஃபோனிலிருந்து பேசு. வீட்டு ஃபோன் என்றால் பேசிய பிறகு அந்த அழைப்பை மட்டும் அழித்துவிடு. 'என்ன சொல்றதுன்னு தெரியலை' என்று ஆரம்பித்தாலும் போதும், மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

உன்னிடம் ஒருத்தி சொன்னால்

ஒரு நாள் நீ தேடிய சிநேகிதியே உன்னிடம் தன் வீட்டுக் கதையைச் சொல்வாள். நம்மைப் போன்றவர்களை நம்மைப் போன்றவர்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்போது உடனே 'எங்க வீட்ல இதைவிட மோசம்' என்று ஆரம்பிக்காதே. அவள் முடிக்கட்டும். 'நீ சொன்னது நல்லதாப் போச்சு. இப்ப நான் என்ன செஞ்சா உனக்கு நல்லாருக்கும்?' என்று கேள். சில சமயம் பதில் 'சாயங்காலம் கூட நடந்து வா' என்று மட்டும் இருக்கும். அதைச் செய். யாரிடமும் சொல்லாதே.

சொல்ல வேண்டிய சமயம் ஒன்று உண்டு. கையை அறுத்துக்கொண்டிருக்கிறாள், மாத்திரை சேர்த்து வைத்திருக்கிறாள், 'நாளைக்கு நான் இருக்க மாட்டேன்' என்கிறாள், அல்லது அவளை யாரோ தொடுகிறார்கள் என்றால், கொடுத்த வாக்கு செல்லாது. அவளிடமே சொல்லிவிடு: 'இதை என்னால தனியா வெச்சுக்க முடியாது. மிஸ்கிட்ட போறோம், நானும் கூட வர்றேன்.' அன்றைக்கே போ, மறுநாளுக்குத் தள்ளாதே. மிஸ் கிளம்பிவிட்டிருந்தால் அவளைத் தனியாக விடாமல் பக்கத்தில் இருந்துகொண்டு 1098-ஐக் கூப்பிடு. அவள் உன்னோடு பேசாமல் போனாலும், வாரக்கணக்கில் போனாலும், சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்து இடத்திலேயே போய் உட்கார்.